மடக்கிய விரல்

"விரல மடக்குடி!"

யோகஸ்ரீ போட்ட சத்தத்தில் வரப்பில் உட்கார்ந்திருந்த மைனா இரண்டும் பறந்துபோயின. ரித்திகா நீட்டிய ஆள்காட்டி விரலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"என்னக்கா? பிஞ்சைத்தானே காட்டினேன். அந்த இலைக்கு அடியில புதுசா ஒண்ணு..."

"பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டக் கூடாது. அழுகிப் போயிரும். இந்தா, இப்படி மடக்கிக் காட்டணும்." யோகஸ்ரீ தன் ஆள்காட்டி விரலைக் கொக்கி போல வளைத்து, அந்த முட்டியால் இலைக்கு அடியில் கிடந்த பூசணிப் பிஞ்சைக் காட்டினாள். கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது. தலையில் வாடிய பூ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என் விரல்ல என்ன லேசரா இருக்கு?"

"உன் வாயிலதான் இருக்கு. சென்னைக்காரி வாய். மடக்குடின்னா மடக்கு."

ரித்திகா சிரித்துக்கொண்டே விரலை மடக்கினாள். காலை ஆறு மணிக்கே வெயில் முப்பத்து நான்கு டிகிரி. சித்திரை பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

அண்ணன் கபிலனும் தம்பி பிரணவும் பங்கு பிரித்துக்கொண்ட நிலம் அது. நடுவில் ஒற்றை வரப்பு. இந்தப் பக்கம் கபிலனும் யோகஸ்ரீயும். அந்தப் பக்கம் பிரணவின் மனைவி ரித்திகா மட்டும். போன கத்திரியில் பிரணவ் வயலிலேயே சுருண்டு விழுந்து இறந்துபோனான். ஊருக்குப் போய்விடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவளுக்குப் போக ஊர் இல்லை. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சென்னையில், வெயிலுக்கு ஒதுங்க வழியில்லாதவர்களுக்கான அரசாங்கக் குளிர்க்கூடத்தில், வரிசையாகப் போட்ட கட்டில்களில், ஆளுக்கு ஒன்றில் இருந்தார்கள். வேடசந்தூர் பக்கத்துக் கரட்டூரில் மண்ணையும் மண்வெட்டியையும் யோகஸ்ரீயிடம் கற்றுக்கொண்டு அவள் தங்கிவிட்டாள். ஓரகத்திகள் இப்படி ஒட்டிக்கொள்வதை ஊர் முதலில் ஆச்சரியமாகப் பார்த்தது, பிறகு பழகிவிட்டது.

வெயிலில் பூசணிக் கொடி சாவதில்லை. மத்தியானம் துவண்டு படுக்கும், ராத்திரி எழுந்துகொள்ளும். பிஞ்சுதான் தாங்காது. தோல் தடிக்கிற வரைக்கும் முதல் பன்னிரண்டு நாள் அதற்குக் கண்டம். நாற்பத்தைந்தைத் தாண்டினால் ஒரே பகலில் மஞ்சளாகி வெம்பி, அப்படியே கழன்று விழும். பச்சை வலையைக் கட்டிப் பார்த்தார்கள். அடியில் காற்று நின்று பூவே கருகியது. அதற்குப் பிறகுதான் ஊர்களுக்குத் தண்ணீர் பங்கிடும் கோடைச் சங்கம் குடைகளைக் கொண்டுவந்தது.

முழங்கால் உயரக் கம்பியில் வெள்ளைக் குடை. ஒவ்வொரு பிஞ்சுக்கும் ஒன்று. வெயில் முப்பத்தெட்டைத் தொட்டதும் தானாக விரியும். உள்ளிருந்து புகை போல நீர்த்துளி இறங்கும். எந்தக் குடை விரிய வேண்டும், எவ்வளவு நேரம், எவ்வளவு தண்ணீர் என்பதையெல்லாம் வயல் நடுவே கம்பத்தில் உட்கார்ந்திருந்த ஓர் இயந்திரக் கண் முடிவு செய்தது. அதற்குச் சங்கம் வைத்த பெயர் நீளமானது. ஊர் வைத்த பெயர் கங்காணி.

கங்காணிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் யோகஸ்ரீ.

அது மாசி மாதத்தில் நடந்தது. சங்கத்தின் தொட்டியையும் கருவிகளையும் பார்த்துக்கொள்கிற ஆப்பரேட்டர் வேலை கபிலனுடையது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னான்: "இந்தக் கங்காணி சரியான மக்கு, யோகா. எல்லாப் பிஞ்சும் அதுக்கு ஒண்ணாத்தான் தெரியுது. எது தேறும், எது உதிரும்னு தெரியாம எல்லாத்துக்கும் தண்ணியக் கொட்டுது."

"மூணாம் நாள் காம்பப் பார்த்தாத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும். அதுக்கு யாரு சொல்றது?"

மறுநாளிலிருந்து ஒரு மாதம், தினமும் விடிந்ததும் யோகஸ்ரீ கங்காணியின் கண் முன்னால் வயலைச் சுற்றி வந்தாள். தேறும் பிஞ்சுக்கு முன்னால் விரலை மடக்கிக் காட்டினாள். தேறாததைப் பார்த்து விரலை நேராக நீட்டினாள். போகப் போவது அழுகினால் என்ன? அவள் யோசித்துச் செய்ததில்லை, கை அப்படித்தான் பழகியிருந்தது. கங்காணி அதைப் பிடித்துக்கொண்டது. மடக்கினால் வை. நீட்டினால் கழி.

வெளியூரிலிருந்து வந்த சங்கத்து அதிகாரிகள் அதிசயப்பட்டார்கள். அன்று கபிலன் அவள் விரலைப் பிடித்து முத்தமிட்டான். "இந்த விரல நூறு ஊருக்கு அனுப்பப் போறோம், தெரியுமா?"

"விரல அனுப்பிட்டு நான் எதை வச்சு உங்களுக்குச் சோறு பிசையுறது?" என்று கேட்டாள் அவள். முகம் சிவந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவ்வளவு பெருமையாக அவன் அவளிடம் பேசியதில்லை.

*

கத்திரியின் முதல் நாள் நாற்பத்தேழு. மூன்றாம் நாள் நாற்பத்தொன்பது.

தொட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே போனது. அதுவரை எல்லாக் குடைகளும் விரிந்துகொண்டிருந்தன. மூன்றாம் நாள் மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்த யோகஸ்ரீக்கு, வரப்புக்கு அந்தப் பக்கம் வெண்மை குறைந்திருப்பது போலத் தோன்றியது. சாயங்காலம் போய்ப் பார்த்தாள். ரித்திகாவின் வயலில் குடைகள் மூடிக்கிடந்தன. அடியில் பிஞ்சுகள், முட்டையளவு வந்தவை, மஞ்சளாகித் தொட்டதும் உதிர்ந்தன.

ரித்திகா ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் போட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை.

"ஏங்க, கங்காணிக்கு என்ன ஆச்சு?" என்று யோகஸ்ரீ அன்றைக்கே கபிலனிடம் கேட்டாள்.

"தண்ணி பத்தல. இருக்கிறதுல நல்ல பிஞ்சாப் பார்த்துத்தான் அது கொடுக்கும். அந்தப் பக்கத்துப் பிஞ்சு திடமில்லாத பிஞ்சு."

"நான் பார்த்தேனே. நல்லாத்தான இருந்துச்சு?"

"நீ மேலாகப் பார்த்திருப்ப. விடு யோகா, வெயில் யாரச் சொல்லி அடிக்குது? சில பேருக்குக் கை ராசி அப்படி." தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கை ராசி என்ற சொல் அவளைக் குத்தியது. ஆனாலும் மனசின் ஒரு மூலை அதைப் பிடித்துக்கொண்டது. மடக்குடி, மடக்குடின்னு எத்தனை தடவை சொன்னேன், கேட்டாளா? அப்படி நினைத்ததற்காக அடுத்த நிமிஷமே வெட்கப்பட்டாள். ஆனால் நினைத்தாள்.

ஐந்தாம் நாளுக்குள் அந்தப் பக்கம் ஏறக்குறைய எல்லாம் போய்விட்டது. இந்தப் பக்கம் நூற்று நாற்பது பிஞ்சும் குடைக்கு அடியில் குளிர்ந்து, கை அகலத்துக்குப் பெருத்துக்கொண்டிருந்தன. ஊரில் மற்ற வயல்களிலும் பெரிய சேதம் இல்லை.

சங்கத்தின் விதி எல்லோருக்கும் தெரிந்தது. வயலுக்கு அறுபது காயாவது தேற வேண்டும். இரண்டு கோடை தொடர்ந்து தேறாவிட்டால் குடையும் தண்ணீர்ப் பங்கும் வேறு ஆளுக்குப் போய்விடும். போன கோடையில் இரண்டு வயலுமே தேறவில்லை.

ஆறாம் நாள் காலையில் யோகஸ்ரீ போனபோது ரித்திகா துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னடி?"

"அம்மாவுக்குப் பக்கத்துக் கட்டில் காலியாத்தான் இருக்காம். எழுதிக் கொடுத்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? கத்திரி முடிய இன்னும் நாள் கிடக்கு. புதுசாப் பூ வரும்."

"வர்றதெல்லாம் ஆண்பூக்கா. இந்தச் சூட்டுக்கு ரெண்டு நாளாப் பெண்பூவே வைக்கலை." ரித்திகா பையின் மேல் உட்கார்ந்தாள். "நீங்க சொன்னீங்க. நான்தான் கேக்கல. உங்க முன்னாடி மடக்கிப்பேன், அப்புறம் தனியாப் போய் ஒவ்வொண்ணாக் கையை நீட்டி எண்ணுவேன். தினமும். பேரெல்லாம் வச்சிருந்தேன்கா. அதைப் பார்த்து விரல் நீட்டி, 'நீ குண்டம்மா, நீ சப்பை மூக்கு'ன்னு..."

"அதெல்லாம் சும்மா சொல்றதுடி. பெரியவங்க சொன்னாங்கன்னு நானும்..."

"சும்மா இல்லக்கா." அவள் குரல் இறங்கியது. "போன வருஷம் அன்னைக்கு பிரணவ் வீட்டுக்கு வந்துட்டாரு, போதும்னு. நான்தான் வாசல்ல நின்னு விரலை நீட்டி, 'அதோ அந்த ஒரு வரிசைதானே, அதையும் முடிச்சிட்டு வந்துடுங்க'ன்னு காட்டினேன். இந்த விரல்தான்."

யோகஸ்ரீ ரித்திகாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வயலுக்குப் போனாள். ஏதாவது ஒன்று மிஞ்சியிருக்கும், அதைக் காட்டி இவளை நிறுத்தலாம் என்றுதான் போனாள்.

மிஞ்சியிருந்தன, மூன்று. வரப்பை ஒட்டி மூன்று குடைகள் மட்டும் விரிந்திருந்தன. அடியில் மூன்று பிஞ்சு, தளதளவென்று.

"இது எப்படித் தப்பிச்சுச்சு?"

"அதுவா? அது நீங்க காட்டினது, அதான் நான் எண்ணாம விட்டுட்டேன். இந்த மூணும் நல்லா வரும்னு அன்னைக்கு வந்து காட்டினீங்களே, ஞாபகம் இல்லையா? உங்க கை ராசிக்கா."

யோகஸ்ரீ தன் விரலைப் பார்த்தாள். பிறகு கம்பத்தின் மேலிருந்த கங்காணியைப் பார்த்தாள்.

கொஞ்சம் தள்ளி, மூடிய குடைக்கு அடியில் இரண்டு நாள் பிஞ்சு ஒன்று துவண்டு கிடந்தது. இன்னும் உயிர் இருந்தது. அதன் அருகில் போய் விரலை மடக்கிக் காட்டினாள். கங்காணியின் கண் மெதுவாகத் திரும்பியது. ஒரு மூச்சு விடும் நேரம். குடை விரிந்தது. நீர்ப்புகை இறங்கியது.

ரித்திகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோகஸ்ரீ அடுத்ததைச் செய்யக் கூடாது என்றுதான் நினைத்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் தேறக்கூடிய பிஞ்சுக்கு நேராக அவள் விரல் நீட்டியதில்லை. நீட்டினாள்.

குடை மூடிக்கொண்டது.

"அக்கா..." என்றாள் ரித்திகா.

"உன் விரல்ல ஒண்ணும் இல்லடி." யோகஸ்ரீ மறுபடி விரலை மடக்கிக் காட்டிக் குடையை விரியவைத்தாள். "அந்தக் கம்பத்துல இருக்கிறது என் விரல். நான் சொல்லிக் கொடுத்தது. நீட்டினா வேண்டாம்னு அர்த்தம். நீ தினமும் போய் ஒவ்வொண்ணையும் வேண்டாம், வேண்டாம்னு சொல்லியிருக்க. உனக்கே தெரியாம."

"பேரு வச்சுக் கூப்பிட்டேன்கா."

"தெரியும்டி."

"அப்போ... தண்ணி இருந்தப்ப ஏன் மூடல?"

"இருந்தப்ப எல்லாருக்கும் கொடுத்துச்சு. குறைஞ்சதும் யாரக் கழிக்கிறதுன்னு தேடியிருக்கு." சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு இன்னொன்று தோன்றியது. கழிப்பதையெல்லாம் கங்காணி கபிலனின் திரையில் காட்டியிருக்குமே. "நீ இங்கேயே இரு. நான் வந்துர்றேன்."

*

தொட்டியடி அறையில் கபிலன் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். "இந்த வெயில்ல ஏன் வந்த? தலையில துண்டு கூட இல்லாம..."

"கங்காணி கழிச்ச பிஞ்செல்லாம் இதுல வரும்ல? காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்க."

அவன் காட்டவில்லை. அவளே திரையைத் தன் பக்கம் திருப்பினாள். வயல் வாரியாகப் பட்டியல் இருந்தது. ரித்திகாவின் பெயருக்கு நேரே வரிசை வரிசையாக ஒரே குறிப்பு: வயல்காரர் வேண்டாம் என்று காட்டியது. வயல்காரர் வேண்டாம் என்று காட்டியது.

"எப்ப பார்த்தீங்க இதை?"

கபிலன் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்குறேன்."

"ரெண்டாம் நாள்."

"குடை மூடறதுக்கு முந்தின நாளா?"

"தண்ணி குறைஞ்சா எதையெல்லாம் கழிக்கும்னு முதல்லயே பட்டியல் போட்டிரும். அதுல பார்த்தேன்." அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "யோகா, நான் எதையும் மாத்தல. ஒரு பொத்தானக் கூடத் தொடல. அதுவா..."

"நீங்க தொட்டிருந்தா எல்லாம் பிழைச்சிருக்கும்ல?"

"தொட்டிருந்தா ரெண்டு வயலுக்கும் தண்ணி பத்தியிருக்காது! ரெண்டும் போயிருக்கும். போன வருஷம் நமக்கும்தான தேறல? நாளைக்கு நம்மையும் கட்டில்ல போய்ப் படுன்னு சொல்லுவான். உன்ன அங்க பார்க்க என்னால முடியாது."

"அறுபது காய் போதும்னுதான சங்கத்துல சொல்லியிருக்கு? நம்மகிட்ட நூத்தி நாப்பது இருக்கு."

"நூத்தி நாப்பது இருந்தாத்தான் கடைசியில அறுபது தேறும்னு நினைச்சேன். பயம், யோகா."

"பயம் எனக்கும்தான் இருக்கு. என்கிட்ட சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருப்போம்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "அதை விடுங்க. அவளுக்குக் கை ராசி இல்லன்னு ஏன் சொன்னீங்க?"

"அது... நீ கேட்டப்ப வாயில வந்துருச்சு."

"புருஷன் செத்ததுக்கும் தன் விரல்தான் காரணம்னு நெனச்சுக்கிட்டு, பையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. உங்க தம்பி பொண்டாட்டி. அவ கை ராசிதான்னு நானும் நம்பினேன். உங்க வாயில வந்ததை நான் நம்பாம யாரு நம்புவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஒரு பாவமும் பண்ணலன்னு உக்காந்திருக்கீங்க. நீங்க விரல நீட்டல, சரிதான். என் விரல நீட்டிவிட்டுட்டு, பழிய அவ விரல்ல போட்டுட்டீங்க."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. யோகஸ்ரீ கதவில் சாய்ந்து நின்றாள்.

"அந்தப் பாடத்த அழிங்க. இப்பவே. நான் பார்க்கணும்."

"மடக்கறதையுமா? அதுதான் நூறு ஊருக்கு..."

"ரெண்டையும்."

கபிலன் அழித்தான். திரையில் அவள் கையின் படம் ஒரு தடவை தோன்றியது. மடக்கிய விரல், கண்ணாடி வளையல் இரண்டு. பிறகு காணாமல் போனது. இனி எந்தக் குடை விரிய வேண்டும் என்பதை ஒவ்வொரு வயல்காரரும் கங்காணியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

*

பூசணிக் கொடியைக் காலையில் திருப்பினால் மளுக்கென்று ஒடிந்துவிடும். வெயிலில் துவண்டு கிடக்கும் சாயங்காலத்தில்தான் சொன்னபடி வளையும். ஐந்து மணிக்கு யோகஸ்ரீ வயலில் இறங்கினாள்.

கரட்டூரில் ஒரு வழக்கம் உண்டு. வரப்பைத் தாண்டிப் படர்ந்த கொடியில் காய்க்கும் காய், அது கிடக்கும் வயல்காரருக்குச் சொந்தம். யாரும் சண்டைக்குப் போவதில்லை. சங்கமும் காய் கிடக்கும் இடத்தைப் பார்த்துத்தான் எண்ணும்.

வரப்பை ஒட்டிய நாலு வரிசையில் முதல் கொடியைப் பிடித்தாள். பற்றுக்கம்பிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பிஞ்சை இடது உள்ளங்கையில் தாங்கி, கொடியைத் தூக்கி, வரப்புக்கு அந்தப் பக்கம் இறக்கினாள். குடையைப் பிடுங்கி அதன் தலைமாட்டில் நட்டாள்.

ரித்திகா ஓடி வந்தாள். "என்னக்கா பண்றீங்க? வேண்டாம்கா. பாதி போச்சுன்னா உங்களுக்குத் தேறாது."

"தேறாட்டி ரெண்டு பேருக்கும் தேறல. உங்கம்மா பக்கத்துக் கட்டில்ல ஒருக்களிச்சுப் படுத்துக்குவோம். அந்த முனையப் பிடி. இழுக்காத, தூக்கு. பச்சப்பிள்ளையத் தூக்குற மாதிரி தூக்கு."

"ஒடிஞ்சிருச்சுன்னா?"

"நீ பேசிக்கிட்டே இருந்தா ஒடியும்."

ரித்திகா பிடித்தாள். முதலில் கை கூசியது. மூன்றாவது கொடிக்கு அப்புறம் கூச்சம் போனது. நடுவில் ஒரு பிஞ்சு காம்போடு கழன்று யோகஸ்ரீயின் கையோடு வந்துவிட்டது. ரித்திகா அதை வாங்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். "ராத்திரிக்குக் கூட்டு," என்றாள்.

அன்று முதல் தடவையாக இருவரும் சிரித்தார்கள். யோகஸ்ரீக்குச் சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது. ரித்திகா எதுவும் கேட்காமல் மண் அப்பிய கையால் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். காரணத்தை யோகஸ்ரீ இன்னும் சொல்லவில்லை. கங்காணி தப்பாகப் படித்துக்கொண்டது என்பது வரைக்கும்தான் ரித்திகாவுக்குத் தெரியும்.

பொழுது சாய்ந்தபோது அந்தப் பக்கம் எழுபது குடை விரிந்து நின்றது, இந்தப் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவே. எத்தனை தேறும் என்று யாருக்கும் தெரியாது. கத்திரி இன்னும் பாக்கி இருந்தது. சூடு இறங்கியதும் குடைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

வயல் முனையில் கபிலன் வந்து நின்றான். கையில் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. இறங்கலாமா வேண்டாமா என்பது போல ஒரு காலை வரப்பில் வைத்திருந்தான்.

ரித்திகாதான் முதலில் பார்த்தாள்.

"அக்கா, மாமா வந்திருக்காங்க." கையைத் தூக்கிக் காட்டினாள். விரலை மடக்கித்தான் காட்டினாள். யோகஸ்ரீ முன்னால் மடக்கி மடக்கி அவளுக்கும் பழகிவிட்டிருந்தது. "பாவம், ரொம்ப நேரமா நிக்கிறாங்க போல. நம்ம வயலையும் பார்த்துக்கணும்னு தொட்டிக்கும் வீட்டுக்கும் அலையுறாங்க. முதல்லயே தெரிஞ்சிருந்தா எப்படியாவது காப்பாத்தியிருப்பாங்க, இல்லக்கா?"

யோகஸ்ரீ நிமிர்ந்தாள். அவன் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்துக்கொண்டிருந்தான்.

அவள் ரித்திகாவின் கையைப் பிடித்தாள். மண் காய்ந்திருந்த, மடங்கியிருந்த அந்த விரலை மெல்லப் பிரித்து, அவனுக்கு நேராக நீட்டிவிட்டாள்.

"உக்காரு, ரித்திகா," என்றாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."